மேட் இருக்கு, மோதிப் பார்க்க ஆள் இருக்கா? மதுரையிலிருந்து ஜியு-ஜிட்சு போட்டிக்குத் தயாராவது எப்படி?

மதுரையில் ஒரு கல்லூரி மாணவர் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறையில் சென்னை போனபோது ஒரு மையத்தில் இரண்டு மாதம் ஜியு-ஜிட்சு கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய பிறகும் விட மனசில்லை. நண்பர் வீட்டு மாடி அறையில் ஃபோம் மேட் விரித்து, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பழகுகிறார். சந்தேகம் வந்தால் யூடியூப். இப்போது பெங்களூருவில் நடக்கும் ஒரு போட்டிக்குப் பணம் கட்டிவிட்டார். இன்னும் 12 வாரம் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பெரிய நகரங்களில் இந்த விளையாட்டுக்கு மையங்கள் உண்டு. வெவ்வேறு எடையில், வெவ்வேறு உயரத்தில், தினமும் மோதிப் பார்க்க இருபது முப்பது பேர் கிடைப்பார்கள். நம்மவருக்கு இரண்டே பேர். இதை வைத்துக்கொண்டு போட்டிக்குத் தயாராக முடியுமா?

முடியும். ஆனால், எது குறைவாக இருக்கிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் முடியும். டெக்னிக் குறைவாக இல்லை. அது மொபைலில் கொட்டிக் கிடக்கிறது. நம்மைப் பிடித்துத் தள்ளி, நழுவி, எதிர்த்து நிற்கும் இன்னொரு உடம்புதான் குறைவு. அந்த உடம்பை எங்கே தேடுவது, கிடைத்தவரைக் காயப்படாமல் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இங்கே முக்கியமான பாடம்.

ஜியு-ஜிட்சு என்றால் என்ன?

குத்து, உதை கிடையாது. எதிராளியைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து, தரையில் கட்டுப்படுத்தி, கழுத்தை நெரித்தோ மூட்டை மடக்கியோ ‘போதும்’ என்று தட்ட வைப்பது. இதுதான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு.

இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1882-ல் ஜிகோரோ கானோ என்ற இளம் ஆசிரியர் டோக்கியோவில் ஈஷோஜி என்ற புத்தர் கோயிலில் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். இடம் எவ்வளவு தெரியுமா? 12 தாதாமி பாய் விரிக்கும் அளவு. மாணவர்களும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். இன்று உலகமெல்லாம் பரவியிருக்கும் ஜூடோ அந்த 12 பாயில்தான் பிறந்தது.

கானோ செய்த பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பழைய ஜப்பானிய முறைகளில் இருந்த ஆபத்தான அடிகளையும் முறுக்கல்களையும் மோதல் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார். மிச்சமிருந்த பிடிகளை மாணவர்கள் முழு பலத்தோடு ஒருவர் மேல் ஒருவர் போட்டுப் பார்க்க முடிந்தது. யாரும் ஊனமாகாமல் மறுநாளும் வந்து மோத முடிந்தது. இந்த மோதல் பயிற்சிக்கு ‘ரண்டோரி’ என்று பெயர். இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மதுரையில் பழகுகிறவருக்கும் இதே வழிதான் பொருந்தும்.

கானோவின் கோடோகன் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பின்னர் பெலெம் நகரில் தங்கினார். அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸும் அவருடைய தம்பி ஹீலியோவும் தரைச் சண்டையை மேலும் வளர்த்தெடுத்தார்கள். அதுதான் இன்றைய பிரேசிலியன் ஜியு-ஜிட்சு.

போஸ்டரில் ‘ஜியு-ஜிட்சு’ என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. பணம் கட்டும் முன் இதை விசாரிக்க வேண்டும். ஒரே பெயரில் வேறு வேறு போட்டிகள் நடக்கின்றன.

ஐபிஜேஜேஎஃப் என்பது பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவுக்கான சர்வதேச அமைப்பு. அதன் விதிகளைத்தான் பல தனியார் போட்டிகளும் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகின்றன. ஜேஜேஐஎஃப் வேறு அமைப்பு. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2018 ஜகார்த்தாவில் அறிமுகமாகி, 2023-ல் நடந்த ஹாங்சோ போட்டியிலும் இடம்பெற்ற ‘ஜு-ஜிட்சு’ அந்த அமைப்பின் விதிகளின்படி நடப்பது. ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இல்லை.

ஜேஜேஐஎஃப் போட்டிகளில் ‘நே-வாசா’ என்ற பிரிவு தரைச் சண்டை. ‘ஃபைட்டிங்’ என்ற பிரிவில் குத்தும் உதையும் உண்டு. மாடி அறையில் தரைப் பிடி மட்டும் பழகிய ஒருவர் தெரியாமல் ஃபைட்டிங் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயம். ஐபிஜேஜேஎஃப் நடத்தும் போட்டிகளுக்கு உறுப்பினர் அட்டை வேண்டும். அதற்கு ஒரு பிளாக் பெல்ட் பயிற்சியாளரின் ஒப்புதல் வேண்டும். ‘நானே கத்துக்கிட்டேன்’ என்று சொல்லி உள்ளே போக முடியாது. எனவே, தூரத்தில் இருந்தாலும் ஏதாவது ஒரு மையத்தோடு தொடர்பு வைத்துக்கொள்வது அவசியம்.

ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும்?

ஐபிஜேஜேஎஃப் விதியில் வெள்ளை பெல்ட் பெரியவர்களுக்கு ஒரு ஆட்டம் 5 நிமிடம். நீல பெல்ட்டுக்கு 6, ஊதாவுக்கு 7, பழுப்புக்கு 8, கறுப்புக்கு 10 நிமிடம்.

எதிராளி தட்டிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. தட்டாவிட்டால் புள்ளிக் கணக்கு:

- நின்ற நிலையிலிருந்து வீழ்த்தினால் (டேக்டவுன்): 2
- கீழே இருந்தபடி எதிராளியைக் கவிழ்த்து மேலே வந்தால் (ஸ்வீப்): 2
- முழங்காலை வயிற்றில் வைத்து அழுத்தினால்: 2
- எதிராளியின் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு வந்தால் (கார்ட் பாஸ்): 3
- மேலே ஏறி உட்கார்ந்தால் (மவுன்ட்): 4
- முதுகைப் பிடித்துக் கால்களைக் கொக்கியாகப் போட்டால்: 4

ஒவ்வொன்றிலும் 3 விநாடி நிலைத்திருந்தால்தான் புள்ளி. இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால், வீட்டில் பழகுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கவிழ்த்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் உடனே அடுத்த பிடிக்குத் தாவுவார்கள். 3 விநாடி ஆகியிருக்காது, புள்ளி விழாது.

விதிப் புத்தகம் இணையத்தில் இலவசம். பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாதவருக்கு அதுதான் முதல் பயிற்சியாளர். ஒரு வாரம் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

எதையெல்லாம் பழகவே கூடாது?

வெள்ளை பெல்ட்டுக்குத் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. குதிகாலைப் பிடித்து முறுக்கும் ஹீல் ஹூக், முழங்காலை நீட்டி முறிக்கும் நீபார், மணிக்கட்டுப் பூட்டு எல்லாம் கூடாது. எதிராளி மேல் தாவிக் குதித்துக் கால்களைப் பூட்டுவது கூடாது. கால்களைக் கத்தரிபோல் செருகி வீழ்த்துவது கூடாது. தூக்கித் தரையில் அறைவது யாருக்குமே கூடாது.

ஆனால், மொபைலைத் திறந்தால் முதலில் வருவது ஹீல் ஹூக்தான். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. கையை மடக்கும்போது ‘வலிக்குது’ என்று உடம்பு முன்கூட்டியே சொல்லும், தட்டிவிடலாம். ஹீல் ஹூக்கில் வலி தெரிவதற்குள் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிடலாம். கூட அனுபவசாலி இல்லாத அறையில் இதைப் போட்டுப் பார்ப்பது ஒரு நண்பரின் காலோடு விளையாடுவது.

கழுத்தை நெரிக்கும் ‘சோக்’ பிடிகளும் அப்படித்தான். கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் போகும் குழாய்கள் அழுந்தினால் பத்து விநாடிக்குள்ளேயே மயக்கம் வரலாம். எனவே மூன்று விதிகளை மாற்றவே கூடாது. முறையாகக் கற்றுக்கொடுத்த ஒருவரிடம் பழகாமல் சோக் போடக் கூடாது. மூன்றாவது ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தட்டிய நொடியில் விட வேண்டும்; கையால் தட்டினாலும் சரி, வாயால் ‘டேப்’ என்றாலும் சரி. யாராவது மயங்கிவிட்டால் அன்றைக்கு அவருக்குப் பயிற்சி முடிந்தது. உடனே தெளியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

தட்டுவதில் வெட்கம் எதற்கு? விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்பார்களே, அது இந்த விளையாட்டில் அப்படியே உண்மை. முப்பது பேர் இருக்கும் மையத்தில் ஒருவருக்குத் தோள்பட்டை நழுவினால் மற்ற இருபத்தொன்பது பேர் பழகுவார்கள். மூன்று பேர் இருக்கும் அறையில் ஒருவர் போனால் கடையே மூடிவிடும்.

மேட் எப்படி இருக்க வேண்டும்?

தரையில் உருளுவதற்கு ஒன்றோடு ஒன்று கோக்கும் ஈவா ஃபோம் மேட் போதும். ஆனால், வீழ்த்திப் பழக வேண்டும் என்றால் 40 மி.மீ. தடிமன் வேண்டும். மெல்லிய மேட்தான் இருக்கிறது என்றால் முழங்காலில் நின்றபடி ஆட்டத்தைத் தொடங்குங்கள். காங்கிரீட் மேல் மெல்லிய மேட் போட்டு ஆளைத் தூக்கிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

சுவர், தூண், ஜன்னல் விளிம்பு எல்லாவற்றிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சின்ன அறை என்றால் ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான். மூன்றாவது ஆள் சுவரோரம் நின்று, உருண்டு வருகிறவர்களை நிறுத்த வேண்டும்.

வீழ்த்திப் பழக இன்னொரு இடமும் இருக்கிறது. ‘கோதாவில் குதித்தார்’ என்று சொல்கிறோமே, அந்தக் கோதா மல்யுத்தக் களம்தான். கொத்திப் பதப்படுத்திய மண்ணில்தான் நம் ஊர் மல்லர்கள் புரண்டார்கள். கல் பொறுக்கி, கொத்திவிட்ட கபடி மைதானமும் அதே மாதிரிதான். காலை ஆறு மணிக்கு அங்கே போனால் விழுந்து பழகலாம்.

மோதிப் பார்க்க ஆள் எங்கே?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் ஜியு-ஜிட்சு ஆட்கள் குறைவாக இருக்கலாம். பிடித்து இழுத்து மல்லுக்கட்டும் ஆட்கள் குறைவா என்ன?

கபடி வீரர்கள்: மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் கபடிக் குழு இருக்கும். கணுக்காலைப் பிடிப்பது, தொடையைக் கட்டுவது, இடுப்பைக் கட்டி அலாக்காகத் தூக்குவது எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜியு-ஜிட்சுவில் ‘சிங்கிள் லெக்’ என்று சொல்லும் ஒற்றைக்கால் பிடிக்கு அவர்களைவிடக் கடினமான எதிராளி கிடைப்பது அரிது. உங்கள் கால் அவர்களிடம் மாட்டாமல் பத்து முறை தப்பினால், போட்டியில் பலரிடம் தப்பலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கபடியில் தலையைத் தாழ்த்திப் பாய்ந்து பிடிக்கும் பழக்கம் உண்டு. ஜியு-ஜிட்சுவில் அப்படிப் போனால் கழுத்து ‘கில்லட்டின்’ பிடியில் மாட்டும்.

ஜூடோ வீரர்கள்: உடையைப் பிடித்து வீழ்த்துவதில் அவர்கள்தான் ஆசான்கள். ரேஸ்கோர்ஸ் சாலையில் உள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் தொடங்கி, பள்ளி, கல்லூரி விளையாட்டு ஆசிரியர்கள்வரை விசாரித்தால் மாவட்டத்தில் யார் யார் ஜூடோ சொல்லித்தருகிறார்கள் என்று தெரிந்துவிடும். வித்தியாசம் என்ன? ஜூடோவில் குப்புறப் படுத்துத் தற்காத்தால் நடுவர் சிறிது நேரத்தில் எழுப்பி நிறுத்திவிடுவார். ஜியு-ஜிட்சுவில் எழுப்ப மாட்டார். குப்புறப் படுத்தால் முதுகு போகும், 4 புள்ளி போகும், கழுத்தும் போகும்.

மல்யுத்த வீரர்கள்: மேலிருந்து அழுத்துவதை இவர்களிடம்தான் கற்க வேண்டும். இவர்களுக்கு முதுகு தரையில் படக் கூடாது. ஜியு-ஜிட்சு ஆட்டக்காரருக்கோ முதுகு தரையில் இருப்பதே ஒரு ஆயுதம். இந்த இரண்டு பழக்கமும் மோதும்போது இரு தரப்பும் கற்றுக்கொள்ளும்.

போய்க் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. ‘உங்களை ஜெயிக்க வந்திருக்கேன்’ என்ற தோரணையில் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ‘அண்ணே, எனக்குக் கால் பிடி சொல்லித்தாங்க, பதிலுக்கு நான் தரையில ரெண்டு விஷயம் காட்டுறேன்’ என்று போய்ப் பாருங்கள். அவர்கள் விளையாட்டை அவர்கள் விதிப்படி ஆடுங்கள். அவர்களுக்குப் பழக்கமில்லாத சோக், மூட்டுப் பிடிகளை முதல் நாளே போடாதீர்கள்.

பெண்கள் என்றால்?

சிரமம் இரட்டிப்பு. தன் எடையில் இன்னொரு பெண் கிடைப்பது கஷ்டம். ஆண்களோடு பழக வீட்டில் தயக்கம். கல்லூரி ஜூடோ, கபடி அணிகள்தான் முதல் வாசல். ஒரே எடையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எடை கூடியவர் கட்டுப்பாட்டோடு ஆட வேண்டும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பயிற்சி நடக்கும் இடத்துக்கு வீட்டில் உள்ளவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்ற நிலை இருக்க வேண்டும். அதை மறுக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

இரண்டு மூன்று பேரை வைத்து எப்படிப் பழகுவது?

தினமும் அதே இரண்டு பேரோடு முழு ஆட்டம் ஆடினால் ஒரு மாதத்தில் ஒருவர் பிடி ஒருவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். யார் ஜெயிப்பார் என்பது ஆடும் முன்பே தெரியும். அதற்குப் பதில், ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டுங்கள்.

ஒருவர் மவுன்டில் மேலே உட்கார்ந்த நிலையில் தொடங்குங்கள். கீழே இருப்பவருக்கு ஒரே வேலை: தப்பிப்பது. மேலே இருப்பவருக்கு ஒரே வேலை: நிலைத்திருப்பது. 2 நிமிடம். தப்பித்தால் மறுபடி அதே நிலையிலிருந்து. பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். இதேபோல் பக்கவாட்டு அழுத்தத்திலிருந்து, முதுகிலிருந்து, கார்டிலிருந்து. ஒரு முழு ஆட்டத்தில் ஒரு முறைகூட வராத நிலை இப்படிச் செய்தால் அரை மணியில் இருபது முறை வரும்.

எடை கூடிய நண்பருக்கு எப்போதும் மோசமான நிலையைக் கொடுங்கள். அல்லது ஒரு கையை பெல்ட்டில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆள் அதேதான், எதிராளி புதுசாகிவிடுவார்.

மூன்றாவது ஆள் சும்மா உட்காரக் கூடாது. அவர்தான் நடுவர். மொபைலில் நேரம் வைத்து, 3 விநாடி எண்ணி, புள்ளி சொல்ல வேண்டும். நடுவராக இருந்து பார்த்தவருக்கு விதி மறக்காது. வாரம் ஒரு ஆட்டத்தையாவது வீடியோ எடுத்து, தொடர்பில் இருக்கும் பயிற்சியாளருக்கு அனுப்புங்கள். ‘எப்படி இருக்கு?’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘2-வது நிமிஷம் கார்ட் ஏன் உடைஞ்சது?’ என்று கேளுங்கள். பதில் உருப்படியாக வரும்.

தனியாக இருக்கும் நாளில் இடுப்பை நகர்த்தி ஊர்வது, பாலம்போல் உடலை உயர்த்துவது, கையூன்றி எழுவது ஆகியவற்றைப் பழகலாம். கம்பியில் பழைய ஜி உடையையோ தடித்த துண்டையோ போட்டுத் தொங்கினால் பிடி பலமாகும். இதெல்லாம் உடம்பைத் தயார் செய்யும். எதிராளியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்வதற்கு எதிராளிதான் வேண்டும்.

12 வாரத்துக்கு ஒரு திட்டம்

ஆசைப்பட்டு ஐம்பது பிடி கற்க வேண்டாம். நிற்கும்போது ஒரு தொடக்கம். ஒரு டேக்டவுனோ, எதிராளியைப் பிடித்தபடி உட்கார்ந்து கார்டுக்குள் இழுப்பதோ. கீழே இருந்தால் ஒரு கார்ட், அதிலிருந்து ஒரு ஸ்வீப். மேலே இருந்தால் ஒரு பாஸ். தப்பிக்க மூன்று வழி: மவுன்டிலிருந்து, பக்கவாட்டிலிருந்து, முதுகிலிருந்து. முடிப்பதற்கு இரண்டு பிடி. அவ்வளவுதான்.

- 1 முதல் 4 வாரம்: தப்பிக்கும் வழிகள் மட்டும். மோசமான நிலையில் பதறாமல் மூச்சு விடப் பழகும் காலம்.
- 5 முதல் 8 வாரம்: உங்கள் பாதை. தொடக்கம், ஸ்வீப், பாஸ், முடிவு. வாரம் ஒரு நாள் கபடியோ ஜூடோவோ ஆடுபவர்களோடு.
- 9 முதல் 11 வாரம்: 5 நிமிட முழு ஆட்டங்கள், நடுவரோடு, ஜி போட்டுக்கொண்டு. இந்தக் காலத்தில் இரண்டு முறையாவது வெளியூர் மையத்துக்குப் போய்வர வேண்டும்.
- 12-வது வாரம்: லேசான பயிற்சி, தூக்கம். கடைசி வாரத்தில் கற்கும் புதுப் பிடி போட்டியில் உதவாது; காயம் மட்டும் கூடவே வரும்.

வெளியூர் பயணம் செலவுதான். ஆனால், மேட்டுக்கும் ஜிம்முக்கும் செலவழிப்பதைவிட இது பயன்தரும். கோவை ஏறக்குறைய 215 கி.மீ.; பஸ்ஸில் போய்விட்டு அன்றே திரும்பலாம். சென்னை ஏறக்குறைய 460 கி.மீ.; சனிக்கிழமை இரவு ரயில் ஏறினால் ஞாயிறு பழகிவிட்டு இரவே திரும்பலாம். முன்கூட்டியே போன் செய்து, ஒரு நாள் கட்டணம் எவ்வளவு, எல்லோரும் மோதிப் பார்க்கும் ‘ஓபன் மேட்’ எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய் ஜெயிக்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாத பத்து உடம்புகளோடு மோதிவிட்டு, எங்கே மாட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த மூன்று வாரத்துக்கு வேலை கிடைத்துவிடும்.

எடையைக் குறைக்க வேண்டுமா?

ஐபிஜேஜேஎஃப் முறையில் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் எடை பார்ப்பார்கள். அதுவும் ஜி உடையோடு. இந்தக் கணக்கைப் பாருங்கள். ஆண்களில் ஃபெதர் பிரிவின் வரம்பு 70 கிலோ. உங்கள் எடை 69, ஜி 1.8 கிலோ. மொத்தம் 70.8. வெளியே! இதைத் தவிர்க்க 12 வாரத்தில் இரவுப் பரோட்டாவையும் ஜிகர்தண்டாவையும் கொஞ்சம் தள்ளிவைத்தாலே ஒன்றரைக் கிலோ குறையும். இல்லையென்றால் 76 கிலோ பிரிவில் ஆடிவிட்டுப் போகலாம். முதல் போட்டிக்கு அதுவே நல்லது.

கடைசி இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஜாக்கெட் போட்டு ஓடி எடை குறைப்பது உயிரோடு விளையாடுவது. 1997-ன் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படித்தான் இறந்துபோனார்கள். அதன் பிறகே அங்கே விதிகள் இறுக்கப்பட்டன. ஆட்டத்துக்குச் சற்று முன் எடை பார்க்கும் இந்த விளையாட்டில் வற்றிய உடம்பு தேறுவதற்கு நேரமே கிடையாது.

சித்திரை வெயிலில் மூடிய மாடி அறையில் பழகுவதும் ஆபத்துதான். அதிகாலை, அல்லது இரவு. நீர்மோர், உப்பு சேர்த்த எலுமிச்சை ஜூஸ், ஓ.ஆர்.எஸ். எதுவாவது கையில் இருக்கட்டும். தலைசுற்றல், குமட்டல் என்றால் அத்தோடு நிறுத்துங்கள்.

படர்தாமரை வந்தால்?

வியர்வை, உரசல், ஈர உடை மூன்றும் சேர்ந்தால் படர்தாமரை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒருவருக்கு வந்தால் மூவருக்கும் வரும். ஒவ்வொரு முறையும் ஜியைத் துவைத்துவிடுங்கள். மதுரை வெயில் காயவைத்துக் கொடுத்துவிடும். பயிற்சி முடிந்ததும் மேட்டைக் கிருமிநாசினியால் துடைத்து, உடனே குளியுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும்.

வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் போடாதீர்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கியதுபோல் தெரியும். பிறகு பரவி, தீராத தொல்லையாகிவிடும். தோல் டாக்டரைப் பாருங்கள். ஆறும்வரை மேட்டில் ஏறாதீர்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

மறைத்துப் பழகுகிறவர்கள்தான் காயத்தையும் மறைக்கிறார்கள். வீங்கிய முழங்காலை மறைத்துக்கொண்டு போட்டிக்குப் போனால் சின்னக் காயம் பெரிய ஆபரேஷனில் போய் நிற்கும். அம்மாவையோ அப்பாவையோ ஒரு நாள் அழைத்துவந்து பார்க்கச் சொல்லுங்கள். ‘குத்து இல்லை, உதை இல்லை, தட்டினா விட்டுடுவாங்க’ என்பதை நேரில் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் நியாயமானது, அது இருக்கட்டும்.

ஐந்து நிமிடத்துக்காக இவ்வளவு தூரமா?

பெரும்பாலான போட்டிகளில் ஒரு தோல்வியோடு வெளியே. விடிய விடியப் பயணம் செய்து போய், ஐந்து நிமிடத்தில், சில சமயம் ஐம்பது விநாடியில் முடிந்துவிடும். இதை முன்பே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜி போடாமல் ஆடும் ‘நோ-ஜி’ பிரிவும் இருந்தால் அதிலும் பெயர் கொடுங்கள். இன்னொரு ஆட்டமாவது கிடைக்கும். நண்பர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஓரத்தில் நின்று ‘2 புள்ளி முன்னாடி இருக்க, ஒரு நிமிஷம் இருக்கு’ என்று சொல்ல ஆள் இருப்பது பெரிய பலம்.

மதுரை பக்கத்தில் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியைப் பலருக்கும் நினைவிருக்கும். பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, தொடக்கத்தில் வெறுங்காலில் ஓடியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவர் கதையைச் சொல்லும்போது எல்லோரும் ஷூ இல்லாததைச் சொல்வார்கள். ஆனால், கதை திரும்பிய இடம் வேறு. வெறுங்காலில் ஓடிய பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்து, கூடவே நின்றார். பேத்தியை விட்டுக்கொடுக்காத பாட்டி இருந்தார். இல்லாத பொருளை ஈடுகட்டியது கூட நின்ற மனிதர்கள்தான்.

நம் கல்லூரி மாணவர் பெங்களூருவில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பலாம். திங்கள்கிழமை மாலை அதே மாடி அறையில் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த நிலையில் புள்ளி போனதோ, அந்த நிலையில் படுத்துக்கொண்டு, ‘டேய், இங்கேருந்து ஆரம்பிப்போம்’ என்று நண்பரிடம் சொல்வது. அந்த நண்பர் காயமில்லாமல் அன்றைக்கும் வந்திருந்தால், 12 வாரப் பயிற்சி வீண்போகவில்லை.